ஊதாத் துணிக்குப் பின்னால்

குமணன்சாவடி,
14-4-1936

சேசு மரி சூசை துணை

தங்கம் தோண்டுகிற ஊருக்குப் போயிருக்கும் எங்கள் வீட்டுத் தங்கம், ஞானசௌந்தரி அத்தைக்கு, உங்கள் அண்ணன் மகள் ரோஸி எழுதுவது. இங்கே நைனா, அம்மா, டேவிட் அண்ணன், வெள்ளாடு, நான் என்ற வரிசையில் எல்லோரும் சுகம். வரிசை அம்மா போட்டது. அங்கே பிலோமி அக்காள் எப்படி இருக்கிறாள், பிள்ளை வெளியே வந்து கோலாரைப் பார்த்துவிட்டதா, உங்கள் முட்டிவலி குளிருக்கு என்ன சொல்கிறது, எல்லாம் எழுதவும்.

பெரிய வெள்ளிக்கிழமை மாதா புலம்பல் ஜாம் ஜாம் என்று நடந்தது. புலம்பலை ஜாம் ஜாம் என்று சொல்லலாமா என்று கோபிக்காமல் முழுக்கப் படியுங்கள்.

அக்காளுக்கு நாள் நெருங்கிவிட்டதென்று தந்தி வந்து நீங்கள் புறப்பட்டபோது, "ஏண்டி, என்னிய கேலி பண்ணிப் பாடியே புலம்பல் கண்ணி எல்லாம் உனக்குத் தவறாம வருது. இந்த வருசம் நீ நின்னு பாடு" என்று சொல்லி, கோயில் உபதேசியாரிடமும் உறுதி கொடுத்துவிட்டுப் போய்விட்டீர்கள். என் குரலைப் பற்றி வெள்ளாட்டைக் கேளுங்கள். ஊரில் அதற்குப் போட்டி நான் ஒருத்திதான்.

பொங்கல் சமயத்தில் அண்ணன் தான் வேலை செய்யும் பட்டணத்துக் கடையிலிருந்து கிராமபோன் பெட்டி கொண்டுவந்து டீக்கடையில் வைத்தானே. அப்போது சவரியாயி பெரியம்மா என்ன சொன்னார்கள்? "பொட்டிப் பாட்டு தகரத்து மேல மழ பேஞ்சாப்ல கீது. உசுரே இல்ல. கண்ண கட்டிகினு கேட்டாலும் எது மன்சன் எது மிஷினுன்னு நான் சொல்லிடுவேன்." கூட உட்கார்ந்திருந்த கிழங்கள், அதாவது வேகாத கிழங்குகள், எல்லாம் தலையாட்டின. எனக்கு அன்றைக்கே கை அரித்தது.

பெரிய வெள்ளிக்கு முந்தின இந்தத் தபசு காலத்தில் அண்ணன் கடைக்கு ஒரு பாட்டுத் தட்டு வந்தது. நம் மாதா புலம்பல்தான், மெட்டும் நம் மெட்டுத்தான். பாடியிருப்பவள் யாரோ நாடகக்காரி. அண்ணன் கடைக்குத் தெரியாமல் பெட்டியையும் தட்டையும் எடுத்துவந்தான். இப்போது புரிந்திருக்குமே.

சிலுவைப் பாதை முடிந்தது. விளக்கையெல்லாம் அணைத்தார்கள். நீங்கள் வருஷா வருஷம் நிற்கும் அந்த ஊதாத் துணிக்குப் பின்னால் நான், எனக்கு முன்னால் பெட்டி. பாடுகிறவள் முகம் தெரியக்கூடாது என்பது எவ்வளவு வசதியான சட்டம். டாக்டர் ஊசி போட்டால் ஜுரம் இறங்கும். நான் ஊசி வைத்தேன், ஊருக்கே அழுகை ஏறியது. பாதியில் தட்டைத் திருப்பிப் போட வேண்டும் அல்லவா? அந்த நேரம் சத்தமே இல்லை. மாட்டிக்கொண்டேன் என்று நினைத்தேன். துணிக்கு அந்தப் பக்கம் சவரியாயி பெரியம்மா விம்முகிறார்கள்: "ஐயோ, தாயிக்கு நெஞ்சு அடச்சிகிச்சே." எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. துணியின் நுனியைச் சுருட்டி வாயில் அடைத்துக்கொண்டேன்.

முடிந்ததும், பாடினவளைப் புகழக்கூடாது என்ற சட்டம் காற்றில் போனது. "குட்டி, இத்தினி நாளா இந்தத் தொண்டைய எங்க வெச்சிருந்த?" என்று ஆளாளுக்கு என் கன்னத்தை வழித்தார்கள். ஒருத்தருக்கும் தெரியாது, உங்களுக்கும் அண்ணனுக்கும் தவிர. சிரித்துவிட்டுக் கடிதத்தை அடுப்பில் போடவும்.

உங்கள் கைக்கு முத்தம்,
ரோஸி


மாரிக்குப்பம், கோலார்,
27-4-1936

ரோஸிக்கு அத்தை ஆசீர்வாதம். சர்வேசுரன் கிருபையால் பிலோமிக்குப் பெண் குழந்தை. தாயும் பிள்ளையும் சுகம். அண்ணனிடமும் அண்ணியிடமும் சொல்லவும். இங்கே குளிர் இல்லை, தூசிதான்.

உன் கடிதம் படித்தேன். தட்டில் பாடியவள் நன்றாகப் பாடியிருப்பாள். தெரிந்தவர்களைத்தானே பாட வைப்பார்கள்.

ஒன்று கேட்க வேண்டும். மாதா தெருத்தெருவாக மகனைத் தேடிப் போகும் கண்ணி தட்டில் இருந்தாலும், நம் ஊர்ப் பெயர் அதில் இருந்திருக்காது. அந்த வருஷம் பிள்ளையைப் பறிகொடுத்தவளை, பிள்ளையின் பெயரைச் சொல்லி, 'இன்னாரைப் பெற்றவளே, என் மகனைக் கண்டாயா' என்று கூப்பிட வேண்டும். அவள் இருட்டிலிருந்து 'காணலையே தாயே' என்று சொல்ல வேண்டும். இந்த வருஷம் ஒரே பெயர்தான். ரீத்தம்மாளின் பிள்ளை.

ஞானஸ்நானம் கொடுப்பதற்குள் போய்விட்ட பிள்ளை. கல்லறைத் தோட்டத்து வேலிக்கு வெளியே வைத்தார்கள். கோயில் புத்தகத்தில் அதற்குப் பெயர் கிடையாது. அவள் மனதில் வைத்திருந்த பெயரை என் காதில் மட்டும் சொன்னாள். பஸ் வருவதற்குள் நான் உன் காதில் சொன்னேன்.

தட்டைத் திருப்பும் நேரத்திலாவது உன் வாயால் அந்தப் பெயரைக் கூப்பிட்டாய் அல்லவா? பதில் எழுது.

அத்தை


குமணன்சாவடி,
12-5-1936

புதிதாகப் பாட்டி உத்தியோகம் ஏற்றிருக்கும் அத்தைக்கு, பாட்டுக்காரி உத்தியோகம் இழக்கப்போகும் ரோஸியின் வந்தனம். இங்கே எல்லோரும் சுகம். வெள்ளாடு சினையாக இருக்கிறது. பிலோமி அக்காள் மகளுக்கு என்ன பெயர் வைக்கப்போகிறீர்கள்? என் பெயரை வைத்தால் குழந்தை சிரிப்பாகவே இருக்கும், அம்மாதான் அழ வேண்டியிருக்கும்.

என் கஷ்டத்தைக் கேளுங்கள். பாட்டுக்குப் போனவள் வீட்டில் பாட்டு வாங்கிக்கொண்டிருக்கிறேன். பூந்தமல்லியில் ஒரு கல்யாணம், பாட வா என்றார்கள். தொண்டை கட்டிக்கொண்டது என்றேன். மண்ணூர்பேட்டையில் மாதா கெபித் திருநாள், பாட வா என்றார்கள். கட்டிய தொண்டை அவிழவில்லை என்றேன். அம்மா மிளகுக் கஷாயம் காய்ச்சி மூக்கைப் பிடித்து ஊற்றுகிறாள். வயிறு முழுக்க மிளகு. தும்மினால் ரசம்.

உபதேசியார் நைனாவிடம் வந்து, "அண்ணாத்தே, உம் பொண்ணு தொண்டையில தேவதூதன் கீறான்" என்றார். நைனா நாள் முழுக்க மீசையைத் தடவிக்கொண்டே இருந்தார். நைனா என்னைப் பார்த்து அப்படி இருந்தது இதுதான் முதல் தடவை. எனக்கு என்னவோ போல் ஆகிவிட்டது.

சவரியாயி பெரியம்மாவும் அவர்கள் சேக்காளிகளும் கூடினால் அந்த இரவுப் பேச்சுத்தான். "நடுவுல நின்னுச்சே, அப்ப என் உசுரும் நின்னுச்சி" என்கிறார்கள். பாவம், சந்தோஷமாக இருக்கிறார்கள்.

இடம் முடிந்துவிட்டது. குழந்தைக்கு என் முத்தம், உங்களுக்கு ஒரு தும்மல்.

ரோஸி


(கார்டு)
மாரிக்குப்பம்,
22-5-1936

ரோஸிக்கு ஆசீர்வாதம். எல்லோரும் சுகம். குழந்தைக்கு வெரோனிக்கா என்று பெயர்.

காகிதத்தில் இடம் இருந்தது. நான் கேட்டதற்குப் பதில் இல்லை.

அத்தை


குமணன்சாவடி,
5-7-1936

அத்தைக்கு, ரோஸி எழுதுவது. எல்லோரும் சுகம். ஆடு இரண்டு குட்டி போட்டது. மழை இல்லை. கார்டு வந்து நாளாகிவிட்டது. தினமும் எழுத உட்கார்ந்தேன்.

கூப்பிடவில்லை, அத்தை.

தட்டைத் திருப்பும்போது கூப்பிடத்தான் நினைத்தேன். வாயில் துணி இருந்தது. எடுத்தால் சிரித்துவிடுவேன் என்று எடுக்கவில்லை. அதற்குள் அடுத்த பக்கம் பாட ஆரம்பித்துவிட்டது. யாருக்கும் தெரியாது, அழுகிற மும்முரத்தில் யார் கவனிக்கப்போகிறார்கள் என்று விட்டுவிட்டேன்.

கவனித்தவள் ஒருத்தி. ரீத்தம்மா அக்காள் இப்போது நம் கிணற்றுக்கு வருவதில்லை. ரோட்டோரத்துக் கிணற்றுக்குப் போகிறாள். பூசைக்கும் வருவதில்லை. அவள் புருஷன் பால்ராஜ் அண்ணனைத் தெருவில் பார்த்தேன். வேடிக்கையாகக் கேட்கிறாப்போல, "இன்னா அண்ணே, அக்கா சாமிக்கே டூ விட்டுட்சா?" என்றேன். அவர் சிரிக்கவில்லை. "சாமிதான் அவளுக்கு டூ வுட்டுட்சி. ஞானஸ்நானம் இல்லாத புள்ளன்னு மாதாவே கூப்புடலன்னு சொல்றா. நீதான பாடின. உனுக்குக் கூப்புடக் கூடாதுன்னு யார்னா சொன்னாங்களா?" என்று கேட்டார்.

நான் இல்லை என்று தலையாட்டினேன். அவ்வளவுதான். அங்கேயே, நடுத்தெருவில், அது நான் இல்லை பெட்டி என்று சொல்லியிருக்கலாம். டீக்கடையில் நாலு பேர் இருந்தார்கள். சொன்னால் அண்ணன் வேலை போகும். நைனா மீசையைத் தடவமாட்டார். சவரியாயி பெரியம்மா முகத்தை எங்கே வைத்துக்கொள்வார்கள்? இப்படி எல்லாருக்காகவும் யோசித்தேன். யோசித்துக்கொண்டு நின்றதில் அவர் போய்விட்டார்.

நீங்கள் திட்டி எழுதுங்கள். இரண்டு பக்கமும் எழுதுங்கள்.

ரோஸி


குமணன்சாவடி,
13-9-1936

அத்தைக்கு, உங்கள் கடிதம் வராமலேயே ரோஸி எழுதும் அடுத்த கடிதம். வெரோனிக்கா குப்புற விழுந்தாளா? உங்கள் முட்டி எப்படி இருக்கிறது? இங்கே உடம்புக்கு எல்லோரும் சுகம்.

தபால்காரர் மணவாளன் அண்ணன் என்னைப் பார்த்தாலே கையை விரித்துக் காட்டிவிட்டுப் போகிறார். கூப்பிட்டால் பதில் வராமல் இருப்பது எப்படி என்று எனக்குக் காட்டுகிறீர்களா? புரிந்துவிட்டது. இப்போது எழுதுங்கள்.

அண்ணன் பெட்டியைக் கடையில் திருப்பி வைத்துவிட்டான். யாரும் கேட்கவில்லை. தட்டை மட்டும் என்னிடம் விட்டிருக்கிறான். துணிப்பெட்டிக்கு அடியில் வைத்திருக்கிறேன். பெட்டி இல்லாமல் தட்டு மட்டும் இருந்தால் அது ஊமை. இரண்டு ஊமைகளும் ஒரே அறையில் படுத்துக்கொள்கிறோம்.

அடுத்த தபசு காலத்துக்கு வந்துவிடுங்கள். நீங்கள் ஒரு தடவை கூப்பிட்டுவிட்டால் ரீத்தம்மா அக்காளுக்குச் சரியாகிவிடும். யாரும் யாரிடமும் ஒன்றும் சொல்ல வேண்டியிருக்காது. வருவீர்கள் அல்லவா?

ரோஸி


மாரிக்குப்பம்,
20-10-1936

ரோஸிக்கு அத்தை ஆசீர்வாதம். எனக்கு மார்ச்சளி, இப்போது பரவாயில்லை. குழந்தை தவழ்கிறாள். அண்ணனுக்கு இருமல் இருந்தால் தூதுவளை கொடுக்கச் சொல்.

உபதேசியார் எனக்குக் கடிதம் போட்டிருந்தார். சவரியாயி அக்காளும் மற்ற பெரியவர்களும் சொல்லி எழுதுவதாக எழுதியிருக்கிறார். உனக்குப் பேரப்பிள்ளை வந்துவிட்டது, நீ அலைய வேண்டாம், இனிமேல் புலம்பலைச் சின்னவளே பாடட்டும், இந்த வருஷம் மாதிரி இதுவரை கேட்டதில்லை என்று எழுதியிருக்கிறார். பெரியவர்கள் சொன்னால் நல்லதுதான். சரி என்று பதில் போட்டுவிட்டேன்.

ஆகையால் நான் வரவில்லை. இங்கே சுரங்கத்துச் சங்கு வேளைக்கு வேளை ஊதுகிறது. அதற்கு மேல் குரல் எடுத்துப் பாட யாருக்கும் தோன்றுவதில்லை. எனக்கும் பழகிவிட்டது.

அம்மாவுக்கு ஒத்தாசையாக இரு.

அத்தை


குமணன்சாவடி,
28-12-1936

அத்தைக்கு, பிறந்த பாலன் உங்கள் எல்லோருக்கும் சுகம் தரட்டும். அம்மா சுட்ட கல்கல் பட்டணத்திலிருந்து பார்சலில் வரும். பல் இல்லாத வெரோனிக்காவுக்குக் கொடுக்க வேண்டாம். பல் இருக்கிறவர்களும் யோசித்துச் சாப்பிடவும்.

உங்கள் கடிதத்தை நாலு முறை மடித்து நாலு முறை பிரித்தேன். 'நல்லதுதான்' என்று எழுதியிருக்கிறீர்களே, அந்த இடத்தில் மட்டும் பேனா அழுத்தமாகப் பதிந்திருக்கிறது. உங்கள் இடத்தை நான் பறித்துக்கொண்டேன் என்று எனக்கு அப்போதுதான் உறைத்தது. நான்கூட இல்லை. உங்கள் இடத்தில் பெயர் தெரியாத ஒரு நாடகக்காரி நின்றுகொண்டிருக்கிறாள்.

அதனால் கிறிஸ்துமஸ் பூசை முடிந்து பெரியவர்கள் கோயில் நிழலில் உட்கார்ந்திருந்தபோது நேரே போனேன். நடந்ததை அப்படியே எழுதுகிறேன்.

"பெரியம்மா, போன பெரிய வெள்ளிக்கு நான் பாடல. கிராமபோன் பொட்டி பாடுச்சி."

சவரியாயி பெரியம்மா வெற்றிலையை மடித்துக்கொண்டே, "இன்னாடி, அடுத்த வருசம் நிக்கறதுக்கு டிமிக்கி குடுக்கறியா?" என்றார்கள்.

"நெஜமாத்தான். தட்டு எங்கிட்டதான் கீது. கொண்ணாந்து காட்டட்டுமா?"

"தட்டு உங்கண்ணன் கடையில ஆயிரம் கீது. மிஷினு அழுவுமா? நடுவுல நெஞ்சடச்சிகினு நின்னுச்சே, அது மிஷினா? எனுக்குத் தெரியாது? கண்ண கட்டிகினு கேட்டாலும் சொல்லுவேன்."

"அது தட்டைத் திருப்பிப் போட்ட நேரம், பெரியம்மா."

எல்லாரும் சிரித்தார்கள். "இவ ஆயிரம் புருடா வுட்டவளாச்சே. போன பொங்கலுக்கு உபதேசியார் குடைக்குள்ள தவளைய வெச்சவ" என்றார் பக்கத்தில் இருந்த சூசை தாத்தா. உபதேசியார், "புகழ்ச்சிக்குப் பயந்து சொல்லுது, தாழ்ச்சி உள்ள பொண்ணு" என்று என் தலையில் கை வைத்தார்.

அத்தை, பிறந்ததிலிருந்து நான் சொன்ன பொய்யெல்லாம் நம்பினார்கள். ஒரே ஒரு தடவை நிஜம் சொன்னேன், ஆசீர்வாதம் கிடைத்தது.

நைனா மட்டும் சிரிக்கவில்லை. வீட்டுக்கு வரும் வழியில், "தட்டு எங்க கீது?" என்று கேட்டார். துணிப்பெட்டியைத் திறந்து காட்டினேன். பார்த்துவிட்டுப் போய்விட்டார். அடிக்கவும் இல்லை.

ரோஸி


குமணன்சாவடி,
31-1-1937

அத்தைக்கு, வந்தனம். உங்கள் மார்ச்சளி எப்படி இருக்கிறது? இங்கே சுகம்.

இன்னும் பத்து நாளில் தபசு காலம் தொடங்கும் விபூதிப் புதன். ஊரார் முடிவுப்படி நான்தான் நிற்கப்போகிறேன். அண்ணனிடம் பெட்டி கேட்கவில்லை. வெள்ளாட்டுக் குரலோடேயே நிற்கிறேன், கூப்பிட வேண்டியதைக் கூப்பிட்டுவிடுகிறேன் என்று தீர்மானம் பண்ணியிருக்கிறேன்.

ஆனால் ஒரு விஷயம். எப்படி எழுதுவது என்று தெரியாமல் மூன்று காகிதம் கிழித்தேன். நீங்கள் பஸ் ஏறும்போது என் காதில் சொன்னீர்களே, அந்தப் பெயர். நான் அப்போது கண்டக்டருடைய தொப்பியைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தேன். 'உம்' கொட்டினேன். என்ன பெயர் என்று எனக்கு நினைவில்லை. அன்றைக்கு வாயில் துணி இல்லாமல் இருந்திருந்தாலும் என்னால் கூப்பிட்டிருக்க முடியாது.

உங்களுக்கும் அவளுக்கும் தவிர யாருக்கும் தெரியாது. பால்ராஜ் அண்ணனுக்கே தெரியாதாம். தயவுசெய்து எழுதி அனுப்பவும். ஒரு கார்டில் பெயரை மட்டும் எழுதினால் போதும். சுகமா என்றுகூடக் கேட்க வேண்டாம்.

ரோஸி


மாரிக்குப்பம்,
12-2-1937

ரோஸிக்கு ஆசீர்வாதம். குழந்தை நிற்கிறாள். என் உடம்பு இருக்கிறபடி இருக்கிறது.

பெயரை எழுதமாட்டேன். தபாலில் அனுப்பச் சொல்லி அவள் என்னிடம் கொடுக்கவில்லை. பெற்றவள் நம் தெருவிலேயே இருக்கிறாள்.

நான் உன்னை நிற்கச் சொன்னது, கண்ணி தவறாமல் வரும் என்பதற்காக மட்டும் இல்லை. நான் இல்லாதபோது என் மாதிரி ஒருத்தி நிற்கட்டும் என்று ஆசைப்பட்டேன். அவசரத்தில் உன் காதைப் பார்த்தேன், கண்ணைப் பார்க்கவில்லை. அது என் தப்பு.

அத்தை


குமணன்சாவடி,
14-3-1937

அத்தைக்கு, ரோஸி.

எல்லோரும் சுகமா என்று கேட்டுவிட்டதாக வைத்துக்கொள்ளுங்கள்.

உங்கள் கடிதம் வந்து ஒரு மாதமாக ரீத்தம்மா அக்காள் வீட்டு வாசலை நாளுக்கு நாலு முறை தாண்டினேன். ஒரு நாள் உப்பு வாங்கும் சாக்கில், ஒரு நாள் ஆட்டுக்குட்டி ஓடிவந்த சாக்கில். சாக்கு தீர்ந்துபோய் நேற்றுத்தான் உள்ளே போனேன்.

அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். "இன்னா பாட்டுக்காரி, வழி தப்பி வந்துட்டியா?" என்றாள்.

நின்றபடியே சொன்னேன். "அக்கா, போன வருசம் நான் பாடல. அது பொட்டி. பொட்டிக்கு உம் புள்ள பேரு தெரியாது. அத்தை எங்கிட்டதான் சொல்லிட்டுப் போச்சி. நான் கூப்புடல."

முறம் நின்றது. "அப்ப மாதா தள்ளலியா?"

"இல்லக்கா."

"சாமியார் கூப்புடக் கூடாதுன்னு சொல்லலியா?"

"யாரும் சொல்லல. எனுக்குச் சிரிப்பு வந்துச்சி. வாயத் தொறந்தா சிரிச்சிடுவேன்னு துணிய அடச்சிகினு நின்னேன்."

"சிரிச்சியா?" என்றாள். "நான் பதில் சொல்லத் தொண்டைய சரி பண்ணிகினு ஒக்காந்திருந்தேன். நீ அந்தாண்ட சிரிச்சிகினு இருந்தியா?"

முறத்தைக் கீழே வைத்துவிட்டு, கையில் ஒட்டிய தவிட்டைத் தட்டினாள். பிறகு என்னைப் பார்க்காமலே பேசினாள். "இத்தினி நாளா எம் புள்ளைய மேல இருக்கறவங்க வேணான்னுட்டாங்கன்னு நெனச்சிகினு இருந்தேன். அதுலகூட அவன யாரோ நெனச்சிப் பாத்தாப்ல இருந்துச்சி. நீ சொல்றதப் பாத்தா அவன யாருமே நெனைக்கவே இல்ல. அதுவே தேவல போல கீது, ரோஸி."

இதற்கு என்ன பதில் என்று உங்களுக்குத் தெரிந்தால் எழுதுங்கள்.

போகவும் முடியாமல் நின்றேன். கேட்க வேண்டியது பாக்கி இருந்தது. "அந்தப் பேரு" என்று ஆரம்பித்தேன். அவள் நிமிர்ந்து பார்த்தாள். மறந்துவிட்டேன் என்பது அவளுக்கு அப்போதே புரிந்துவிட்டது. எழுந்து கதவைச் சாத்துவாள் என்று நினைத்தேன். அவள் பெயரைச் சொன்னாள். ஒரே தடவை.

"நான் வருவேன்னு நெனைக்காத" என்றாள்.

வரும் வழியெல்லாம் அந்தப் பெயரைச் சொல்லிக்கொண்டே வந்தேன். இரவு சாப்பிடும்போது அம்மா, "யாரடி அது?" என்று கேட்டாள். சொல்லவில்லை.

ரோஸி


குமணன்சாவடி,
30-3-1937

அத்தைக்கு, பாஸ்குத் திருநாள் வாழ்த்து. வெரோனிக்கா நடக்கிறாளா? உங்கள் மார்ச்சளிக்கு நைனா திப்பிலி வாங்கி வைத்திருக்கிறார், யாராவது அந்தப் பக்கம் வந்தால் கொடுத்தனுப்புவோம்.

பாடினேன். பெட்டி இல்லை. முதல் கண்ணியிலேயே குரல் ஆட்டுக்குட்டி மாதிரி குதித்தது. இரண்டாவது கண்ணியில் முன்வரிசையில் முணுமுணுப்பு. சவரியாயி பெரியம்மா எல்லோருக்கும் கேட்கிறாப்போலவே, "போன வருசம் வாய்ல சக்கரய வெச்சிகினு பாடினா, இந்த வருசம் இன்னா, வேப்பெண்ணெயா?" என்றார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. பயத்தில் துணியைப் பிடித்துக்கொண்டேன், வாயில் வைக்கவில்லை. தட்டில் விட்டுப்போன கண்ணிகளையும் பாடினேன்.

மாதா தெருத்தெருவாகப் போகும் கண்ணி வந்தது. இந்த வருஷம் நம் ஊரில் யாருடைய பிள்ளையும் சாகவில்லை, கர்த்தருக்கு ஸ்தோத்திரம். போன வருஷத்துப் பெயர் ஒன்றுதான் பாக்கி. அதைச் சொல்லி, பெற்றவளே, என் மகனைக் கண்டாயா என்று கூப்பிட்டேன். யாருக்கும் தெரியாத பெயர் என்பதால் முணுமுணுப்பு நின்றது. பதில் இல்லை. இன்னொரு தடவை கூப்பிட்டேன். குரல் நடுவில் உடைந்தது. அதற்கும் பதில் இல்லை. அவள் வந்திருக்கிறாளா என்றே எனக்குத் தெரியாது. துணிக்குப் பின்னால் நிற்கிறவளுக்கு எதிரே யார் இருக்கிறார்கள் என்று தெரியாது என்பதை நீங்கள் ஒரு நாளும் சொன்னதில்லை. மீதியைப் பாடி முடித்தேன்.

விளக்கு ஏற்றினதும் சவரியாயி பெரியம்மா என் எதிரில் வந்து நின்றார்கள். "அப்ப அது மெய்யாலுமே பொட்டிதானா?" என்று கேட்டார்கள். ஆமாம் என்றேன். என்னைத் திட்டப்போகிறார்கள், அவமானத்தில் அழப்போகிறார்கள் என்று ஒரு வருஷமாக இந்த நிமிஷத்துக்குப் பயந்துகொண்டிருந்தேன். அவர்கள் மற்றவர்களைத் திரும்பிப் பார்த்தார்கள். சூசை தாத்தா தலையைச் சொறிந்தார். "அப்ப அடுத்த வருசம் அந்தப் பொட்டியே இருக்கட்டும்டி" என்றார்கள் பெரியம்மா. "பேர மட்டும் நீ கூப்புடு. பேருக்கு உன் கொரலு போதும்."

உங்களுக்கு எழுத எனக்குக் கை வரவில்லை, அத்தை. ஞானம் அத்தையைக் கூப்பிடலாமே என்று நான் சொன்னேன். "அதுவும் நல்லாத்தான் பாடும்" என்றார்கள். சொல்லிவிட்டுப் பெட்டிப் பேச்சுக்கே திரும்பிவிட்டார்கள். நீங்கள் அத்தனை வருஷம் நின்ற இடத்தை, ஒரே சாயங்காலம் அவர்களைச் சிரிக்க வைக்க நினைத்து, நான் காலி பண்ணிவிட்டேன். இதைப் பெரியவர்கள் மேல் போட எனக்கு வாய் வரவில்லை. அவர்களுக்கு அந்தப் பாட்டைக் காட்டினவள் நான்.

மறுநாள் விடிந்ததும் நம் கிணற்றுக்குப் போனேன். ரீத்தம்மா அக்காள் அங்கே குடத்தை வைத்துக்கொண்டு நின்றிருந்தாள். ஒரு வருஷத்துக்கு அப்புறம் நம் கிணறு. நான் பேசவில்லை. அவள் கயிற்றை இழுத்துக்கொண்டே கேட்டாள்.

"இன்னாத்துக்கு ரெண்டு தபா கூப்ட்ட?"

"கேக்கலியோன்னு நெனச்சேன், அக்கா."

தண்ணீரைக் குடத்தில் ஊற்றினாள். தூக்கி இடுப்பில் வைத்தாள்.

"மொத தபாவே கேட்டுச்சி" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். உங்களுக்கு எழுத மனம் வரும்போது எழுதுங்கள், நான் காத்திருக்கிறேன்.

ரோஸி